புதிய மருத்துவத் தொழில்நுட்பம்: கொடுக்கும் காசுக்குப் பலன் உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்க்கும் வேலையில் தொடங்கி, எதை வாங்கலாம், எதை வேண்டாம் என்று முடிவெடுக்கும் குழுக்களில் போய் உட்கார்ந்தவன் நான். உறவினர்களும் நண்பர்களும் சில சமயம் டாக்டர்களும்கூட என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பதில் சொல்ல முடியவில்லை. சிலதுக்கு ஒரு வரி போதும், சிலதுக்குக் கதையே சொல்ல வேண்டியிருக்கிறது.

தொழில்நுட்பம் என்றால் இயந்திரம் மட்டும்தானா?

இல்லை. மருந்து, தடுப்பூசி, அறுவை முறை, ரத்தப் பரிசோதனை, உடம்புக்குள் வைக்கும் கருவி, படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் மென்பொருள் எல்லாமே சேர்த்திதான். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர்கூட. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

புதிதாக வந்தது பழையதைவிட நல்லதாகத்தானே இருக்கும்?

பல சமயம் ஆமாம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும்வரை அது நம்பிக்கைதான்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வயிற்றைத் திறந்து கருப்பையை எடுப்பது பழைய முறை. சிறு துளைகள் போட்டு, கேமராவையும் நீளக் கருவிகளையும் (சில இடங்களில் ரோபோ கையையும்) உள்ளே விட்டு எடுப்பது புதிய முறை. தழும்பு சின்னது, ரத்தம் அதிகம் போகாது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். வேறென்ன வேண்டும்? இந்தப் புதிய முறை நன்றாகப் பரவிய பிறகுதான் 631 பெண்களைக் கொண்டு இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். 2018இல் முடிவு வெளியானது. 3 ஆண்டு கழித்து, வயிற்றைத் திறந்து செய்துகொண்டவர்களில் 99 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். துளை முறையில் 93.8 சதவீதம். நோய் திரும்பி வந்ததும் துளை முறையில்தான் அதிகம்.

இதைப் படித்துவிட்டு துளை அறுவையே மோசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பித்தப்பைக் கல்லுக்கு அதே முறை அருமையானது. நல்ல தொழில்நுட்பம், கெட்ட தொழில்நுட்பம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. யாருக்கு, எந்த நோய்க்கு, வேறு எதற்குப் பதிலாக என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அர்த்தம் வரும். கீழே வரும் பதில்களிலும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

பரிசோதனை அளவு சரியாகிவிட்டால் அது பலன்தானே?

இதில்தான் மருத்துவம் பலமாக அடி வாங்கியிருக்கிறது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு நடுநடுவே இதயம் தாளம் தப்பித் துடிக்கும். அப்படித் துடிப்பவர்கள் திடீரென்று இறப்பது அதிகம் என்றும் தெரிந்திருந்தது. தாளத்தைச் சரிசெய்யும் மாத்திரைகள் வந்தன. ஈ.சி.ஜி. தாளில் தப்பும் துடிப்புகள் காணாமல் போயின. டாக்டருக்கும் திருப்தி, நோயாளிக்கும் திருப்தி.

பிறகு அமெரிக்காவில் சுமார் 1,500 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அந்த மாத்திரைகளையும் (என்கைனைடு, ஃப்ளெகைனைடு) மறுபாதிக்கு வெற்று மாத்திரையையும் கொடுத்தார்கள். 1989இல் அவசரமாக நிறுத்த வேண்டி வந்தது. முழுக்கணக்கு வந்தபோது வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 26 பேர் இறந்திருந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 63 பேர்.

அதனால் "அளவு குறைந்தது", "கட்டி சுருங்கியது", "படம் தெளிவாகத் தெரிகிறது" என்று யாராவது சொன்னால் குழுவில் நான் கேட்பது ஒன்றுதான்: ஆள் நன்றாக இருக்கிறாரா? கூடுதல் நாள் வாழ்ந்தாரா, வலி குறைந்ததா, எழுந்து நடந்தாரா?

ஆபத்தை 50 சதவீதம் குறைக்கிறது என்கிறார்கள். பெரிய விஷயம்தானே?

எதில் 50 சதவீதம் என்று கேளுங்கள். 1,000 பேரில் 20 பேருக்கு வரும் நோய் 10 பேராகக் குறைந்தால் அது 50 சதவீதம். 1,000 பேரில் 2 பேர் 1 ஆகக் குறைந்தாலும் அதே 50 சதவீதம். முதலாவதில் 100 பேர் மருந்து சாப்பிட்டால் ஒருவருக்குப் பலன். இரண்டாவதில் 1,000 பேர் சாப்பிட வேண்டும். பக்க விளைவும் பில்லும் அந்த 1,000 பேருக்கும் உண்டு. விளம்பரத் தாளில் பலனைச் சதவீதத்திலும் பக்க விளைவை "1,000 பேரில் இத்தனை பேர்" என்றும் எழுதுவது பழைய வித்தை.

செலவு என்றால் கருவியின் விலைதானே?

இந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு இயந்திரத்தின் கதை. ஒரு மருத்துவமனைக்கு (பெயர் வேண்டாம்) ரத்தப் பரிசோதனை இயந்திரம் ஒன்று இலவசமாக வந்தது. மணிக்கு நூற்றுக்கணக்கான பரிசோதனை செய்யும், கிட்டத்தட்ட ஒரு அலமாரி அளவு. ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள்.

முதல் வாரமே விஷயம் புரிந்தது. அதற்கு ஊற்றும் ரீஏஜென்ட் (பரிசோதனை ரசாயனம்) புட்டியில் பார்கோடு உண்டு, வேறு நிறுவனத்துப் புட்டியை இயந்திரம் ஏற்காது. புட்டியைத் திறந்தால் சில வாரங்களுக்குள் தீர்க்க வேண்டும். எங்களிடம் வந்த மாதிரிகள் அதற்குப் போதாது, பாதிப் புட்டி சாக்கடைக்குப் போகும். தினமும் காலையில் நோயாளியின் ரத்தத்தை வைப்பதற்கு முன் அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் மாதிரி ஓட்டிப் பார்க்க வேண்டும், அதற்கும் அதே ரீஏஜென்ட்தான். சுத்தமான தண்ணீருக்குத் தனி வடிகட்டி, மின்சாரத்துக்கு யு.பி.எஸ்., அறைக்கு ஏ.சி. வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் தனி. அதை ஓட்டக் கற்றுக்கொண்ட டெக்னீஷியன் நல்ல சம்பளத்துக்கு வேறு இடம் போய்விட்டார். எட்டாவது மாதம் நான் போனபோது அதன்மேல் துணி போர்த்தியிருந்தது. துணிமேல் யாரோ பழைய ரெஜிஸ்டர்களை அடுக்கியிருந்தார்கள்.

இலவச இயந்திரம் என்று ஒன்று கிடையாது. விலைக்கு வாங்குவதிலும் இதே கதைதான். அறுவை ரோபோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் அமெரிக்காவில் போட்ட ஒரு கணக்குப்படி ஒன்றின் விலை 10 லட்சம் முதல் 25 லட்சம் டாலர். அதைத் தவிர ஒவ்வொரு அறுவைக்கும் சுமார் 1,600 டாலர் கூடுதல். காரணம், அதன் நுனிக் கருவிகளில் பலவற்றை குறிப்பிட்ட தடவைக்கு மேல் பயன்படுத்த முடியாது, இயந்திரமே எண்ணிக்கை வைத்துக்கொண்டு மறுத்துவிடும்.

அந்த ரோபோ செய்கிற வேலைக்கு அந்தக் காசு தகுமா?

ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கு ரோபோ அறுவையையும் கையால் திறந்து செய்யும் அறுவையையும் ஆஸ்திரேலியாவில் 326 ஆண்களிடம் ஒப்பிட்டார்கள். 2016இல் வந்த முதல் முடிவில், சிறுநீர் கட்டுப்பாடு, தாம்பத்தியம் இரண்டிலும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. ரோபோவில் ரத்த இழப்பு குறைவு. மூன்று மாதம் கழித்து நோயாளியின் வாழ்க்கையில் கருவியால் பெரிய மாற்றம் தெரியவில்லை. என் சொந்தக் கருத்து: ரோபோ வாங்கிவிட்டோம் என்பதற்காகவே அதற்கு ஆள் தேடும் நிலை வருவதுதான் உண்மையான செலவு.

க்வாலி என்று ஒரு கணக்கு சொல்கிறார்களே, அது என்ன?

தரத்தோடு சேர்த்து எண்ணிய ஆயுள். முழு ஆரோக்கியத்தில் வாழும் ஒரு ஆண்டு 1. இறப்பு 0. வலியோடும் முடக்கத்தோடும் கழியும் ஆண்டு இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். பழைய சிகிச்சையில் ஒருவர் 4 ஆண்டு வாழ்வார், தரம் 0.5 என்று வையுங்கள். 4 × 0.5 = 2. புதிய சிகிச்சையில் 6 ஆண்டு, தரம் 0.7. அது 4.2. ஆக லாபம் 2.2 க்வாலி. புதியதற்குக் கூடுதலாக ஆகும் செலவு 44,000 என்றால், ஒரு க்வாலிக்கு 20,000. எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் கணக்கு இதுதான். மொத்தச் செலவை மொத்தப் பலனால் வகுப்பதில்லை, பழையதைவிட எவ்வளவு கூட என்பதை மட்டுமே வகுக்கிறோம். "எதோடு ஒப்பிட்டு" என்பதை மாற்றினால் விடையும் மாறிவிடும். ஏமாற்ற நினைப்பவர்கள் கை வைப்பதும் பெரும்பாலும் அங்கேதான்: யாரும் இப்போது பயன்படுத்தாத மட்டமான பழைய சிகிச்சையோடு ஒப்பிட்டுவிடுவார்கள்.

இந்தக் கணக்கை யார் போடுகிறார்கள்?

இங்கிலாந்தில் 1999இல் தொடங்கிய நைஸ் என்ற அமைப்புதான் இதில் பெயர் பெற்றது. தாய்லாந்தில் 2007இல் தொடங்கிய ஹிடாப் என்ற அமைப்பு இதே வேலையைச் செய்கிறது. நைஸ் பல ஆண்டுகளாக ஒரு க்வாலிக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை என்பதை ஏற்கத்தக்க எல்லையாக வைத்திருந்தது.

அந்த எல்லையே தாராளம்தான் என்று காட்டினார்கள் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். அந்த நாட்டுப் பொதுமருத்துவத்தில் ஏற்கெனவே நடக்கும் சிகிச்சைகள் சுமார் 13,000 பவுண்டுக்கு ஒரு க்வாலி தருகின்றன என்பது அவர்கள் 2015இல் போட்ட மதிப்பீடு. அப்படியானால் 30,000 பவுண்டுக்கு ஒரு க்வாலி தரும் புதிய மருந்தைச் சேர்க்கும்போது, வேறு எங்கோ இரண்டு க்வாலிக்கு மேல் காணாமல் போகிறது. அந்தப் பெயர் தெரியாத நோயாளி தொலைக்காட்சிக்கு வந்து அழ மாட்டார். தன்னிடமிருந்து எது போனது என்பதே அவருக்குத் தெரியாது.

உயிருக்கு விலை போடுவது சரியா? மனசு ஒப்பவில்லையே.

எனக்கும் ஒப்பவில்லை. ஆனால் கணக்குப் போடாவிட்டால் விலை போடாமல் இருக்கிறோம் என்று ஆகாது. வேறு யாரோ, வேறு ஏதோ அளவுகோலில், கதவைச் சாத்திக்கொண்டு போடுகிறார்கள் என்றுதான் ஆகும்.

1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற டாக்டர், கையில் நிரந்தரமாகப் பொருத்தும் டெஃப்லான் குழாயை உருவாக்கினார். அதுவரை சில நாட்களுக்கு மட்டும் செய்ய முடிந்த டயாலிசிஸை அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் தொடர முடிந்தது. சிறுநீரகம் செயலிழந்தால் சாவு நிச்சயம் என்ற நிலை ஒரு குழாயால் மாறியது. ஆனால் இயந்திரங்கள் சில, நோயாளிகள் பலர். யாருக்கு இடம் கொடுப்பது? 7 பேர் கொண்ட குழு அமைத்தார்கள். அதில் ஒரு வக்கீல், ஒரு பாதிரியார், ஒரு வங்கியாளர், ஒரு குடும்பத் தலைவி, ஒரு அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு அறுவை மருத்துவர். அவர்கள் முன்னே வந்த காகிதங்களில் வயது, பிள்ளைகள் எத்தனை, வருமானம், சொத்து, தேவாலயத்துக்குப் போகிறாரா என்பதெல்லாம் இருந்தன. 1962இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை வந்து நாடே அதிர்ந்தது. கடைசியில் 1972இல் வயது வித்தியாசம் இல்லாமல் ஏறக்குறைய எல்லாருக்கும் டயாலிசிஸ் செலவை அரசு ஏற்கும் சட்டம் வந்தது.

தேவாலயத்துக்குப் போகிறவரா என்று பார்ப்பதைவிடக் க்வாலி எவ்வளவோ மேல். அதற்காக அதைக் கும்பிட வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஆரெகன் மாநிலம் 1990இல் ஏழைகளுக்கான மருத்துவத் திட்டத்துக்கு இதேபோல் கணக்குப் போட்டு ஒரு வரிசைப் பட்டியல் தயாரித்தது. பட்டியலில், பல்லுக்கு மூடி போடுவது, கருக்குழாயில் தங்கிய கர்ப்பத்துக்குச் செய்யும் உயிர் காக்கும் அறுவையைவிட மேலே வந்து உட்கார்ந்தது. பல் வேலைக்குச் செலவு குறைவு, அவ்வளவுதான். பட்டியலைத் திருத்தி எழுதினார்கள். அப்புறமும் 1992இல் அமெரிக்க மத்திய அரசு அதை மறுத்தது. மாற்றுத்திறனாளிகளின் வாழ்வுக்குக் குறைந்த மதிப்பெண் தரும் முறை அவர்களுக்கு எதிரான பாகுபாடு என்பது காரணம். அந்த ஆட்சேபம் இன்றும் நியாயமானதுதான். சக்கர நாற்காலியில் இருப்பவரின் ஒரு ஆண்டை 0.6 என்று எழுதும் கை, அவரிடம் ஒரு முறையாவது கேட்டிருக்க வேண்டும்.

விலை மிக அதிகமான மருந்து என்றாலே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

கூடாது. கல்லீரலைத் தின்னும் ஹெபடைடிஸ் சி-க்கு 2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் வந்தது. 12 வாரச் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 84,000 டாலர், அதாவது ஒரு மாத்திரை 1,000 டாலர். ஊரே திட்டியது. ஆனால் அதற்கு முந்தைய சிகிச்சை எப்படி இருந்தது? பலருக்கு 48 வாரம் வரை ஊசி, காய்ச்சல், மனச்சோர்வு. அப்படியும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் குணம். புதியதை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது 90 சதவீதத்துக்கு மேல் குணமானார்கள். அந்த விலையிலும் பலருக்கு அது "தகும்" என்றே கணக்கு சொன்னது.

தகும் என்பது வேறு, கட்டுப்படியாகும் என்பது வேறு. ஒருவருக்குத் தகும் விலை, லட்சக்கணக்கான பேருக்குக் கொடுக்க வேண்டி வரும்போது கஜானாவைக் காலி செய்துவிடும். எகிப்தில் அதுதான் நிலைமை, நோய் அவ்வளவு பரவியிருந்தது. பேரம் பேசி 2014இல் அதே 12 வார மருந்தை 900 டாலருக்கு வாங்கினார்கள். பிறகு உள்நாட்டிலேயே தயாரித்து இன்னும் மலிவாக்கினார்கள். ஊர் ஊராகப் பரிசோதித்தார்கள். 2023இல் உலக சுகாதார நிறுவனம், ஹெபடைடிஸ் சி ஒழிப்பை நோக்கிய பாதையில் தங்கத் தரம் பெற்ற முதல் நாடு என்று எகிப்தை அறிவித்தது. 84,000 என்பது மருந்தின் குணமல்ல, பேரத்தின் தொடக்கம்.

ஒரே பலன் தரும் இரண்டு மருந்தில் விலை கூடியதைத்தான் எழுதுகிறார்கள் என்றால்?

கண்ணின் விழித்திரை முதுமையில் கெடும் நோய்க்கு இரண்டு ஊசிகள் உண்டு. இரண்டையும் உருவாக்கியது ஒரே நிறுவனம். ரானிபிசுமாப் கண்ணுக்கென்றே அனுமதி பெற்றது, 2011 வாக்கில் அமெரிக்காவில் ஒரு டோஸ் சுமார் 2,000 டாலராக இருந்தது. பெவாசிசுமாப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அதைச் சின்னச் சின்ன ஊசிகளாகப் பிரித்தால் அப்போது ஒரு டோஸ் சுமார் 50 டாலர்தான். கண்ணுக்கும் அனுமதி வாங்க நிறுவனத்துக்கு ஆர்வம் இல்லை (ஏன் இருக்கும்?). அரசுப் பணத்தில் ஒப்பீடு நடந்தது. 2011 முடிவில் இரண்டிலும் பார்வை ஒரே அளவு காப்பாற்றப்பட்டது.

மலிவான பொருளைச் சோதிக்க வியாபாரத்தில் யாரும் காசு போட மாட்டார்கள், பொதுப்பணம்தான் போக வேண்டும். பிரித்து ஊசியில் அடைக்கும் இடம் சுத்தமாக இல்லாவிட்டால் கண்ணில் கிருமி தொற்றும் அபாயம் உண்டு, அதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

ஒரு ஊசி 20 லட்சம் டாலர் என்றால் அதை யார் ஏற்பது?

முதுகுத்தண்டு நரம்புகள் செத்துக்கொண்டே வரும் எஸ்.எம்.ஏ. நோயின் கடுமையான வகையில், சிகிச்சை இல்லாவிட்டால் குழந்தைகள் பெரும்பாலும் 2 வயதுக்குள் இறந்துவிடும் அல்லது நிரந்தரமாக வெண்டிலேட்டரில் இருக்கும். 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஸோல்ஜென்ஸ்மா என்ற மரபணு சிகிச்சையின் விலை 21 லட்சம் டாலருக்கு மேல். முதல் ஆய்வில் இருந்தது 15 குழந்தைகள்தான். 20 மாத வயதில் அந்த 15 பேரும் நிரந்தர வெண்டிலேட்டர் இல்லாமல் உயிரோடு இருந்தார்கள்.

பலன் கண்ணெதிரே தெரிகிறது. சிக்கல் என்னவென்றால், வாழ்நாள் முழுக்க வேலை செய்யும் என்ற நம்பிக்கையில் மொத்தக் காசையும் முதல் நாளே கேட்கிறார்கள். அதனால் சில இடங்களில் தவணையாகவும், பலன் நின்றால் காசு திருப்பித் தரும் நிபந்தனையோடும் ஒப்பந்தம் போடுகிறார்கள். நோயாளியைப் பல ஆண்டு விடாமல் கண்காணித்து எழுதிவைக்கும் ஏற்பாடு இருந்தால் இது நல்ல வழி. இல்லாவிட்டால் வெறும் காகிதம்.

ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டால் நிம்மதிதானே? அதில் என்ன நஷ்டம்?

தென் கொரியாவில் நடந்ததைக் கேளுங்கள். 1999இல் அரசு, புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் மருத்துவமனைகள் கொஞ்சம் கூடுதல் காசுக்குக் கழுத்தில் அல்ட்ராசவுண்டும் பார்த்துவிடலாம் என்று சேர்த்துக்கொண்டன. வலியில்லை, கதிர்வீச்சில்லை, சில நிமிட வேலை. 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களின் விகிதம் 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்கு. அந்த ஒரு ஆண்டில் மட்டும் 40,000 பேருக்கு மேல்.

இறப்பு குறைந்ததா? ஆண்டுக்கு 300, 400 என்று இருந்தது அப்படியேதான் இருந்தது. கண்டுபிடித்தவற்றில் பெரும்பாலானவை வாழ்நாள் முழுக்க ஒன்றும் செய்யாமல் கழுத்திலேயே கிடந்திருக்கும் சின்னக் கட்டிகள். கண்ணில் பட்டபிறகு "புற்று" என்ற சொல்லோடு யாரால் சும்மா இருக்க முடியும்? கிட்டத்தட்ட எல்லாரும் சிகிச்சை எடுத்தார்கள், மூன்றில் இரண்டு பேர் சுரப்பி முழுவதையும் இழந்தார்கள். அவர்கள் வாழ்நாள் முழுக்க ஹார்மோன் மாத்திரை சாப்பிட வேண்டும். அறுவை செய்துகொண்டவர்களில் சுமார் 2 சதவீதம் பேருக்குக் குரல் நாண் செயலிழந்தது. சில டாக்டர்கள் வெளிப்படையாக எச்சரித்த பிறகுதான் ஓராண்டில் அறுவைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.

அறிகுறி இல்லாதவருக்கு எடுக்கும் பரிசோதனையில், "கண்டுபிடித்தால் என்ன செய்வோம், அதனால் ஆயுள் கூடுமா?" என்பதற்குப் பதில் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

ஸ்டென்ட் வைத்தால் இதயம் காப்பாற்றப்படும், இதிலுமா சந்தேகம்?

ஸ்டென்ட் என்பது அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய். மாரடைப்பு வந்துகொண்டிருக்கும்போது வைத்தால் சந்தேகமே இல்லை, உயிர் காக்கும். மாடி ஏறினால் மட்டும் நெஞ்சு பிடிக்கிறது, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது என்பவர்களுக்கு வேறு கதை. 2007இல் வெளியான 2,287 பேர் கொண்ட ஆய்வில், அவர்களுக்கு நல்ல மருந்துகளோடு ஸ்டென்ட் வைத்ததால் மரணமோ மாரடைப்போ குறையவில்லை.

"சரி, வலியாவது குறையுமே" என்றார்கள். அதைச் சோதிக்க லண்டன் டாக்டர்கள் ஒரு துணிச்சலான வேலை செய்தார்கள். 200 நோயாளிகளை மேசையில் படுக்க வைத்து, காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டுப் போட்டு, மயக்க மருந்து கொடுத்து, ரத்தக் குழாயில் கம்பியை விட்டார்கள். பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மீதிப் பேரைச் சும்மா 15 நிமிடமாவது அப்படியே படுக்க வைத்துவிட்டுக் கம்பியை எடுத்துவிட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பிறகு அவரைப் பார்த்த டாக்டருக்கும் தெரியாது. 6 வாரம் கழித்து நடை இயந்திரத்தில் ஓடவிட்டபோது இரு பிரிவுக்கும் இருந்த வித்தியாசம் 16.6 வினாடி. தற்செயலாகவே வந்துவிடக்கூடிய அளவு. 2017இல் இது வெளியானபோது இதய டாக்டர்களிடையே பெரிய சண்டை.

அதே குழு 2023இல் மறுபடி சோதித்தது, இம்முறை நெஞ்சுவலி மாத்திரைகளை நிறுத்திவிட்டு. இப்போது ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வலி உண்மையிலேயே குறைந்தது. ஆக முதல் ஆய்வும் பொய்யில்லை, இரண்டாவதும் பொய்யில்லை. மாத்திரை நன்றாகச் சாப்பிடுபவருக்குக் கூடுதல் பலன் சொற்பம், மாத்திரை எடுக்க முடியாதவருக்குப் பலன் உண்டு.

மலிவாக வந்த பெரிய தொழில்நுட்பம் ஏதாவது உண்டா?

ஓ.ஆர்.எஸ். சர்க்கரை சேர்ந்தால் குடல் உப்பையும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொள்ளும் என்ற கண்டுபிடிப்பு அதன் அடிப்படை. 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோய், திலீப் மஹலனாபிஸ் என்ற டாக்டர் டிரம்மில் இந்தக் கரைசலைக் கலக்கி உறவினர்களையே ஊட்டச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. இதை விற்றுப் பணக்காரர் ஆனவர் யாரும் இல்லை, அதனால் ரிப்பன் வெட்டும் விழாவும் இல்லை.

அரசு அனுமதி கொடுத்துவிட்டால் போதாதா?

போதாது. அனுமதி தரும் அமைப்பு காசைப் பார்ப்பதில்லை. சில சமயம் பலனையும் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்க்கிறது. அல்சைமர் நோய்க்கான அடுகனுமாப் மருந்தை அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. தன் ஆலோசனைக் குழுவிடம் காட்டியபோது, பலன் நிரூபணமானதாக ஒரு உறுப்பினர்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் 2021 ஜூனில் அனுமதி வந்தது. காரணம், மூளையில் படியும் புரதம் குறைந்ததாம். ஆள் தெளிவானாரா என்பது வேறு கேள்வி. ஆண்டுக்கு 56,000 டாலர் விலை. அதிக அளவு மருந்து எடுத்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. ஐரோப்பா மறுத்தது. 2024 தொடக்கத்தில் நிறுவனமே மருந்தைக் கைவிடுவதாக அறிவித்தது.

சான்று வரும்வரை காத்திருந்தால் அதற்குள் ஆள் போய்விடுவாரே?

நியாயமான கோபம். எய்ட்ஸ் நோயாளிகள் இந்தக் கோபத்தோடு தெருவில் இறங்கியதால்தான் 1992இல் அமெரிக்காவில் விரைவு அனுமதி முறை வந்தது. 1996இல் இண்டினாவிர் 42 நாளில் அனுமதி பெற்றது. அது சேர்ந்த கூட்டு மருந்துகள் சாவைப் பெருமளவு குறைத்தன. அவசரம் அங்கே சரி.

அதே பத்தாண்டில் இன்னொரு அவசரம். முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு, எலும்பு மஜ்ஜையே அழியும் அளவுக்குக் கீமோ கொடுத்து, முன்பே எடுத்துவைத்த மஜ்ஜையைத் திரும்ப ஏற்றும் சிகிச்சை. காப்பீட்டு நிறுவனங்கள் மறுத்தால் வழக்கு. 1993இல் ஒரு வழக்கில் நடுவர் குழு 8.9 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. அதற்குப் பிறகு மறுக்கும் தைரியம் யாருக்கு? வெளியே கேட்டாலே கிடைப்பதால், சீட்டுக் குலுக்கிப் பிரிக்கும் ஆய்வுக்குச் சேரப் பெண்கள் முன்வரவில்லை, முடிவு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. 1999இல் கடைசியாக 5 ஆய்வுகளின் முடிவு வந்தபோது 4இல் பலன் இல்லை. பலன் உண்டு என்ற ஐந்தாவது, மோசடி என்று அடுத்த ஆண்டே தெரிந்தது. அதற்குள் பல்லாயிரம் பெண்கள் அந்தக் கொடுமையைத் தாங்கியிருந்தார்கள், சிலர் சிகிச்சையாலேயே இறந்தார்கள்.

சான்று இல்லாத நேரத்தில் கொடுக்கலாம், ஆனால் ஆய்வுக்குள் வைத்துக் கொடுங்கள். வெளியே கொடுத்தால் அடுத்து வரும் நோயாளிக்கும் எதுவும் தெரியாமலே போகும்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி எல்லாம் மலிவாகுமா?

சில வேலைகள் ஆகும். ஸ்வீடனில் 80,000 பெண்களின் மார்பக எக்ஸ்ரேயை வைத்து நடந்த ஆய்வில், மென்பொருளின் துணையோடு பார்த்தபோது டாக்டர்களின் வாசிப்பு வேலை 44 சதவீதம் குறைந்தது. புற்றுநோய் கண்டறிவது குறையவில்லை. மறுபக்கம், ரத்தத்தில் கிருமி பரவும் செப்சிஸை முன்கூட்டியே சொல்லும் என்று நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் பொருத்திய ஒரு மென்பொருளை வெளியாட்கள் 2021இல் சோதித்தார்கள். மூன்றில் இரண்டு நோயாளிகளை அது தவறவிட்டது, ஆனால் உள்நோயாளிகளில் 18 சதவீதம் பேருக்கு மணி அடித்தது. ஒவ்வொரு பொய் மணிக்கும் ஒரு நர்ஸ் எழுந்து ஓட வேண்டும். அந்தச் செலவு எந்த பில்லிலும் வராது.

டாக்டர் புதிய முறையைச் சொல்கிறார். நான் என்ன கேட்பது?

"இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்?" முதலில் இதைத்தான். நல்ல டாக்டருக்கு இந்தக் கேள்வியில் கோபம் வராது. அப்புறம், என்னைப் போன்ற 100 பேரில் எத்தனை பேருக்கு இதனால் பலன், எத்தனை பேருக்குத் தொந்தரவு என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். நீங்கள் இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்றும் கூசாமல் கேட்கலாம், புதிய முறையில் கை பழகுவதற்குள் போகும் முதல் சில நோயாளிகளில் நாம் ஒருவராக இருக்க வேண்டாம். அவசர நிலை என்றால் இதெல்லாம் வேண்டாம், அவர் சொல்வதைச் செய்யுங்கள்.

விற்கும் நிறுவனமே நடத்திய ஆய்வை நம்பலாமா?

நம்பலாம், எதோடு ஒப்பிட்டார்கள் என்று பார்த்துவிட்டு.

ஒருமுறை "வேண்டாம்" என்று முடிவெடுத்தால் அது அப்படியே நிற்குமா?

நிற்கக் கூடாது. மனித மரபணுத் தொகுதியை முதன்முதலில் படித்த திட்டம் 2003இல் முடிந்தபோது மொத்தச் செலவு சுமார் 270 கோடி டாலர். இன்று ஒருவருடையதை 1,000 டாலருக்குள் படித்துவிடலாம். காப்புரிமை முடியும், விலை விழும், புதிய ஆய்வு வரும், பழைய சிகிச்சையே மாறிவிடும். எங்கள் குழுவில் நிராகரிப்புக் கடிதத்தின் கீழே மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டிய மாதத்தையும் வருடத்தையும் எழுதிவைப்போம். வாங்கிய கருவிகளுக்கும் அப்படி ஒரு தேதி எழுத வேண்டும் என்று நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். அதை மட்டும் இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.